அழைப்புப் பட்டியலில் விடுபட்ட பெயர்



திருமண அழைப்பிதழை 500 பேருக்கும் கொடுத்துவிடலாம். நிச்சயதார்த்தம், பலகாரச் சூடு, முந்திய நாள் செபமாலை ஆகிய சிறிய ஒன்றுகூடல்களுக்கு யாரை அழைப்பது என்பதே கடினமான கேள்வி. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் 30 பேர் அமர்வதே அரிது. ஆதலால் பட்டியலைச் சுருக்குவதில் குற்றமில்லை. எந்த அளவுகோலால் சுருக்குகின்றோம் என்பதையே நம் மனச்சான்று கேட்கும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது இத்தகைய பட்டியலொன்றைக் காட்டினார்கள். மணமகளை வளர்த்த சின்னம்மாவின் பெயர் அதில் இல்லை. காரணம் கேட்டேன். “அவ கணவரை இழந்தவ, பாதர். மண்டபத்துக்கு வருவா. வீட்டுக் காரியங்களில அவவே ஒதுங்கி நிற்கிறா” என்றார்கள்.

ஒதுங்கினாரா, ஒதுக்கப்பட்டாரா?

கானாவூர்த் திருமணத்தை (யோவான் 2:1-11) எண்ணிப் பாருங்கள். இயேசுவின் தாய் அங்கே இருந்தார். யோசேப்பைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. ஆண்டவரின் பொதுப்பணிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது திருச்சபையின் நெடுங்கால மரபு. அவ்வாறாயின், அந்த மணவீட்டில் நின்றவர் ஒரு கைம்பெண். திராட்சை இரசம் தீர்ந்ததைக் கண்டு மகனிடம் பரிந்து பேசியவர் அவரே. “சகுனம்” பார்த்து அவரை அழையாது விட்டிருந்தால், குறையை எடுத்துச் சொல்ல அவ்வீட்டில் யார் இருந்திருப்பார்?

விருந்தளிக்கும்போது கைம்மாறு செய்ய இயலாதவர்களை அழைக்குமாறு ஆண்டவர் பணிக்கின்றார் (லூக்கா 14:12-14). நமது நீண்ட போரும், 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பும் எத்தனையோ பெண்களின் துணையைப் பறித்துவிட்டன. அவர்களுக்காகத் திருப்பலியில் மன்றாடும் நாம், வீட்டு முற்றத்தில் அவர்களுக்கு இடம் மறுப்பது முறையாகுமா?

அக்குடும்பத்தார் அன்று மாலையே சின்னம்மாவின் வீட்டிற்குச் சென்றார்கள். அவர் முதலில் மறுத்தார், பின்னர் அழுதார். பலகாரச் சூட்டன்று முதலாவது பயற்றம் பணியாரத்தை எண்ணெயில் இட்டது அவருடைய கரமே.

உங்கள் இல்லத்தில் பட்டியல் எழுதும் நாளில், முதலில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். கானாவூருக்கு அழைக்கப்பட்ட அந்த அன்னை, நீங்கள் மறந்த பெயரை நினைவூட்டுவார்.