தண்ணீர் ஏன் குறைகிறது? பழைய காரின் கூலன்ட் கசிவும் மலைப்பாதைப் பயணமும்

சித்தூரில் நாம் பணியாற்றும் கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நகைக்கடன் கேட்டு வந்தார். பேரக்குழந்தைக்கு முடிகாணிக்கை செலுத்தக் குடும்பத்துடன் திருமலைக்குப் புறப்பட்டிருக்கிறார். அவருடைய 14 ஆண்டுப் பழைய கார் பாதி மலையில் ஆவி கக்கி நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது என்றார் மெக்கானிக். "மூன்று மாதமாகவே தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது சார். வாராவாரம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்" என்று அவர் வருந்தினார். குறைந்ததை அவர் நிரப்பினார். ஏன் குறைகிறது என்று பார்க்கவில்லை. சில நூறு ரூபாயில் ஒரு ரப்பர் குழாயை மாற்றியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு, அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்கு வந்தன.

பழைய வாகனம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

குறையக் கூடாத நீர்

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட், பெட்ரோலைப் போல் செலவாகும் பொருள் அன்று. எஞ்சினின் வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டரில் ஆறி, மீண்டும் எஞ்சினுக்கே திரும்பும் மூடிய சுற்று அது. ஆகவே அதன் அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள்.

இச்சுற்று அழுத்தத்துடன் இயங்குகிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ரேடியேட்டர் மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. கசிவு ஏற்பட்டால் நீர் குறைவதோடு அழுத்தமும் குறைகிறது; கொதிநிலை தாழ்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தாலே இதே கேடு விளையும்.

மலையில் மட்டும் ஏன்?

சித்தூரிலிருந்து திருப்பதி வரையிலான சுமார் 70 கிலோமீட்டர் தொலைவை ஆசிரியரின் கார் தொல்லையின்றிக் கடந்தது. வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்து, குறையை மறைத்துவிடுகிறது. அலிபிரியைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதையே இன்று மேலே ஏறும் வழி. 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்குள் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கியர் தாழ்வு, வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு. எஞ்சினின் உழைப்போ மிகுதி. சமவெளியில் ஒளிந்திருந்த கசிவு இங்கே வெளிப்படுகிறது.

கசிவைக் கண்டறியும் முறை

முதலில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் ரிசர்வ் டேங்கின் அளவைப் பார்த்து, தேதியையும் ஊற்றிய அளவையும் எழுதுங்கள். நான்கு வாரப் பதிவு, கசிவின் வேகத்தைக் காட்டிவிடும்.

இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். நிறமற்ற நீராக இருந்தால் அது ஏசியிலிருந்து சொட்டியதாக இருக்கலாம், கவலையில்லை. பச்சை, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட். அட்டை உலர்ந்திருப்பதால் மட்டும் கசிவு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சூடான எஞ்சின் மீது விழும் துளிகள் தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். ஆனால் அவை வெண்மையான அல்லது பச்சையான படிவை விட்டுச் செல்லும். குழாய் இணைப்புகள், கிளாம்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அப்படிவைத் தேடுங்கள்.

காரின் உள்ளே முன்பக்கத் தரைவிரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படர்ந்தால், ஹீட்டர் கோரில் கசிவு இருக்கலாம். வெளியே எங்கும் ஈரமில்லாமல் நீர் மட்டும் குறைகிறதா? எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை வருகிறதா? ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள். கைப்பம்பு மூலம் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும்படி ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் தெரியாத கசிவும் அச்சோதனையில் தெரிந்துவிடும்.

வழியில் நேர்ந்தால்

வெப்பமுள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து விடுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ ஆவி எழுந்தாலோ, வளைவு இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, குழந்தைகளையும் முதியோரையும் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்யுங்கள்.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியிலேயே உள்ளிருக்கும் நீர் கொதித்துப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மேல்குழாய் நன்கு ஆறிவிட்டதை உறுதி செய்த பிறகே, துணியால் மூடிப் பிடித்து மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். நிரப்பியதும் கசிவு தொடர்ந்தால் மேலே ஏற முயலாமல், இழுவை வண்டியை அழைப்பதே அறிவுடைமை.

பழுது பார்த்த பின்

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்புகள் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரும், வாகன நிறுவனம் பரிந்துரைக்கும் கூலன்டுமே ஏற்றவை. கசிவை அடைக்கும் திரவங்கள் தற்காலிக உதவியே. சில வேளை அவை நல்ல வழிகளையும் அடைத்துவிடும். கூலன்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. எனவே தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.

மற்றொன்றையும் வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம். வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு தருவதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்தாலும், அதன் விதிவிலக்குகளைப் படித்துப் பாருங்கள். கசிவு தெரிந்தும் ஓட்டியதால் விளைந்த சேதத்தைப் பெரும்பாலும் நம் கைப்பணத்தில்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆசிரியர் அண்மையில் கடைசித் தவணையைக் கட்டி வளையல்களை மீட்டுச் சென்றார். காரில் இப்போது ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருப்பதாகச் சொன்னார். ஆறு வாரங்களாக அதில் ஒரு துளி நீர்கூடக் கணக்கில் குறையவில்லையாம். பேரக்குழந்தையின் முடிகாணிக்கைக்கு மீண்டும் நாள் பார்த்திருக்கிறார்கள்.