விரிஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத் தீர்ப்பு

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே தோல் லாரிகள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே உள்ளே போனால், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் நிழலால் மணி காட்டும் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கேயே இருக்கும் ஒரு கல்வெட்டை நின்று பார்ப்பவர் குறைவு.

அதன் காலம் சக ஆண்டு 1347, அதாவது 1425–26. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. இந்தப் பகுதி அடங்கிய படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், குஜராத் பக்கத்து லாடர் என்ற பேதமில்லாமல் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். இனிக் கல்யாணம் என்றால், பெண்ணைத் தானமாகவே தரும் கன்னிகாதானம்தான். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தவனும் குற்றவாளி, பொன் கொடுத்துக் கட்டிக்கொண்டவனும் குற்றவாளி. இருவருக்கும் அரச தண்டனை உண்டு. பிராமணர் கூட்டத்திலிருந்து விலக்கும் உண்டு. பலர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் இந்தக் கல்வெட்டை 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

கூடித் தடுக்க வேண்டிய அளவுக்குப் பெண்ணுக்கு விலை பேசும் வழக்கம் ஊறிப்போயிருந்தது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். பிற்காலத்தில் பொன் போகும் திசை மாறிவிட்டது. பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு. 1961இன் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும்தான் பிடிக்கிறது.

விரிஞ்சிபுரத் தீர்ப்பின் காலத்து இங்கிலாந்தில் கல்யாணக் காசு பண்ணையாருக்குப் போயிற்று. அடிமைக் குடியானவன் மகளைக் கட்டிக் கொடுக்க அவருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அவன் செத்தால், இருப்பதிலேயே நல்ல மாடு பண்ணைக்கு. இதையெல்லாம் பண்ணை நீதிமன்றம் ஏட்டில் ஏற்றிக்கொண்டது. பெர்க்‌ஷயரில் என்போர்ன் என்றொரு பண்ணை. அங்கே விதவை ஒழுக்கம் தவறினால் கணவன் வழி நிலம் பறிபோகும். திரும்பப் பெற வேண்டுமா? கறுப்பு ஆட்டுக்கடாவின் மேல் பின்புறம் திரும்பி உட்கார்ந்து, வாலைப் பிடித்துக்கொண்டு பண்ணை நீதிமன்றத்துக்கு வந்து, தன்னையே கேலி செய்யும் பாட்டொன்றைச் சொல்ல வேண்டும். 1714இல் லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை இதை எழுதிச் சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஒருத்தியை ஊர்கூடி அவமானப்படுத்தி அவள் நிலத்தையே அவளுக்குத் தருவது அது.

நம் பக்கத்து ஊர்ச்சபைகளின் தண்டனை வேறு ரகம். வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில், வேட்டைக்குப் போன ஒருவன் குறி தவறி ஊர்க்காரனையே எய்து கொன்றுவிட்டான். வட்டாரச் சபையாரான நாட்டார் கூடினார்கள். கவனக்குறைவால் நேர்ந்த கொலை, ஆகவே இவன் சாக வேண்டாம், அவ்வூர்த் தூணாண்டார் கோயிலில் விளக்கு எரிக்கட்டும் என்றார்கள். நெய்க்காக அவன் கோயிலுக்குக் கொடுத்தவை 16 பசுக்கள்.