சில்லறைக்குப் பதில் சீட்டு

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னது அருகிப்போனால் பின்னதைக் கொண்டே வாணிகம் நடத்த இயலுமா? இரண்டாவது உலகப் போர்க்காலம் இக்கேள்வியை நம் கடைவீதிகளில் எழுப்பிற்று.

அன்று ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா. போர் முற்றவே, செம்பும் நிக்கலும் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டன. வெள்ளியை மக்கள் பதுக்கினர். 1940-இல் ரூபாயின் வெள்ளி சரிபாதிப் பங்காகக் குறைக்கப்பட்டது. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதும் அவ்வாண்டே குற்றமாயிற்று. ஆயினும் 1942, 1943-இல் சில்லறைப் பஞ்சம் கடுமையாயிற்று. நடுவே துளையிட்ட காலணா 1943-இல் பிறந்தது செம்பை மிச்சப்படுத்தவே.

மேற்கிந்தியச் சமஸ்தானங்கள் பல, அணாக் கணக்கில் அட்டைச் சீட்டுகள் வெளியிட்டுச் சமாளித்தன. இலங்கை 1942-இல் வெளியிட்ட ஐந்து சத நோட்டை நடுவே கிழித்தால், இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும்! மதுரைச் சீமைக்கோ பிரிட்டிஷ் இந்திய நாணயமே கதி. அயலிலுள்ள புதுக்கோட்டையின் அம்மன் காசு, அணாவுக்கு இருபது என்ற அச்சிறு செப்புக்காசு, இப்பசியைத் தணிக்குமா?

ஆகவே நாடெங்கும் தபால் தலையும் கடைக்காரர் எழுதித் தந்த துண்டுச் சீட்டும் மிச்சக் காசாயின. பித்தளை வில்லை அடித்தால் நீடித்து உழைக்குமே எனலாம். தனியார் உலோகத் துண்டைப் பணமாக வெளியிடுவதை 1889-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக வாக்களிக்கும் பத்திரத்தை 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுத்தது. எனவே சீட்டு, எழுதியவர் கடைச் சரக்குக்கு மட்டுமே செல்லும் கடன் குறிப்பாய் நின்றது. ஏழையின் துன்பம் இங்குதான் தொடங்கிற்று என்பது என் கருத்து.

மேலூரிலிருந்து கீரை விற்க வந்த ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். புளி வாங்கினாள், மீதி அரையணாவுக்குச் சீட்டுப் பெற்றாள். அதை வண்டிக்காரர் ஏற்கமாட்டார். அடுத்த கடைக்காரரும் ஏற்கமாட்டார். மறு வாரமும் அதே கடைப் படியேறி, அவர் சொன்ன விலைக்கே வாங்கவேண்டும். சீட்டு மழையில் நனைந்தால் இழப்பு அவளுக்கு, இலாபம் அவருக்கு. பார்க்கப்போனால், அன்றாடம் காய்ச்சியான அவள் வணிகருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறாள்! தெருக் கடைக்காரர்கள் ஒருவர் சீட்டை ஒருவர் ஏற்று, பின்னர்க் கணக்குத் தீர்த்துக்கொண்டால் அவள் சுமை குறையும். அதற்கு அவர்களுக்குள் நம்பிக்கை வேண்டுமே.

துளைக் காலணா 1947 வரை அச்சாயிற்று. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நயா பைசா வந்தது. அந்த 1889-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011-இல் நீக்கப்பட்டது. ஆயினும் சில்லறை இல்லையென்று கடைக்காரர் கையில் மிட்டாயைத் திணிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரையணாச் சீட்டின் நினைவு வருகிறது. மிட்டாயையேனும் வாயில் போட்டுக்கொள்ளலாம்.