365 போய் 52: குட்டிப் பிள்ளைகளும் வளர்ச்சி ஊசியும்

வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைக்கு வருடத்துக்கு 365 ஊசி. உடம்பு இந்த ஹார்மோனைத் தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கும் என்பதால், ராத்திரியில் போடச் சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போடுவது பெரும்பாலும் அம்மா. ஊருக்குப் போனால் ஐஸ் பையில் பேனா ஊசியும் கூடவே போகும். கல்யாண வீட்டில் இறங்கியதும் முதல் கேள்வி, ஃபிரிட்ஜ் எங்கே? இதெல்லாம் ஓரிரு மாதமல்ல, பல வருடம். நடுவில் ஊசிகள் விட்டுப்போனால் கிடைக்க வேண்டிய உயரமும் விட்டுப்போகும்.

இப்போது வாரம் ஒன்று போதும் என்கிறார்கள். லோனாபெக்சோமட்ரோபின், சோமட்ரோகான், சோமபாசிடான் என்று வாயில் நுழையாத மூன்று பெயர்கள். ஓராண்டுச் சோதனையில் முதலாவது 11.2 செ.மீ. வளர்ச்சி தந்தது, தினசரி ஊசி 10.3. இரண்டாவதில் 10.1க்கு 9.8. மூன்றாவதில் மட்டும் தினசரி ஊசி சற்றே முந்தியது, 11.2க்கு 11.7. ஏறக்குறைய சமம்தான். அப்படியிருக்க 313 குத்தல்களைக் குழந்தை ஏன் வாங்க வேண்டும்? தினசரி ஊசி 1985 முதல் பழகிய மருந்து, புதியதற்கு அந்த அனுபவம் இல்லை என்று தயங்கும் மருத்துவர்களும் உண்டு. ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஜிஎஃப்-1 அளவு ரத்தத்தில் வாரத்துக்குள் ஏறி இறங்குவதால், பரிசோதனைக்கு நாள் பார்த்துப் போக வேண்டும். விலை தனிக்கதை.

எனக்கு உறுத்துவது வேறு. தினமும் குத்த வேண்டும் என்ற தொல்லையே இத்தனை நாள் ஒரு சல்லடையாக இருந்தது. அப்பா ஐந்தடி மூன்று, அம்மா நாலடி பத்து; பையன் மட்டும் ஐந்தே முக்கால் அடி வர வேண்டும் என்று கேட்டு வருபவர்கள், 365 என்றதும் எழுந்து போய்விடுவார்கள். 52 என்றால் உட்கார்ந்து யோசிப்பார்கள். குறைபாடே இல்லாத, காரணம் தெரியாத குள்ளத்துக்கும் அமெரிக்காவில் 2003இலேயே தினசரி ஊசிக்கு அனுமதி கிடைத்துவிட்டது, அதுவும் மிகமிகக் குட்டையான பிள்ளைகளுக்கு மட்டும். அந்தக் கோடு ஆசைக்குத் தெரியுமா? உயரத்தைக் காட்டிப் பால் பவுடர் விற்கும் நாடு இது.

தாமதமாக வளர்கிற பிள்ளைகளும் உண்டு. பதினைந்து வயதுக்குமேல் திடீரென்று நெட்டையாகிவிடுவார்கள். இவர்களைப் பிரித்தறிய இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மருந்து கொடுத்துப் பலமுறை ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் டாக்டர் கேட்பது, வருடத்துக்கு எத்தனை செ.மீ. வளர்ந்தான் என்பதை. எழுதிவைத்த வீடுகள் குறைவு. போன தீபாவளிக்கு எடுத்த பேண்ட் இன்னும் சரியாக இருக்கிறது என்பதைத்தான் சொல்ல முடிகிறது.