‘எத்தனை நாளில் முடிப்பீர்கள்?’ – நேர்முகத் தேர்வில் திட்டமிடல் வினாக்கள்

கல்விக்கடன் பெற்றுப் படிக்கும் மாணவர்களுக்குப் படிப்புக் காலமும், பொதுவாக அதன்பின் ஓராண்டும் கடனைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத சலுகைக் காலமாக அளிக்கப்படுகின்றன. அந்த ஓராண்டு எத்துணை விரைவாகக் கரைகிறது என்பதை எங்கள் மேசைக்கு எதிரே வந்து அமரும் பெற்றோரின் முகங்களில் காண்கிறோம். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளும் நேர்முகத் தேர்வில் தடுமாறித் திரும்புவதுண்டு. தேர்வுக் குழுக்களில் அமர்ந்த அனுபவத்தில், அவர்கள் அதிகம் தடுமாறுவது திட்டமிடல் பற்றிய வினாக்களில்தான் என்று சொல்வோம்.

இவ்வினாக்களுக்கு மனப்பாட விடை உதவாது. விடையைவிட, விடைக்குச் செல்லும் வழியையே தேர்வாளர்கள் கவனிக்கின்றனர். எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பணியைக் கொண்டே இதனை விளக்குகிறோம்.

‘60 நாளில் முடிக்க இயலுமா?’

வங்கிக் கிளை ஒன்றைப் புதிய கட்டடத்திற்கு மாற்ற வேண்டும்; 60 நாளில் இயலுமா என்று கேட்கிறார்கள் எனக் கொள்வோம். ‘நிச்சயம் முடிப்பேன்’ என்பவர் சிந்திக்கவில்லை. ‘இயலவே இயலாது’ என்பவரும் சிந்திக்கவில்லை. முதலில் பணிகளை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும்.

காப்பறைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்ப 25 நாள். அது வலுப்பெற 28 நாள். இரும்புக் கதவு பொருத்த 7 நாள். அதன்பின் லாக்கர் பெட்டிகளை அமைக்க 5 நாள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். ஆகவே மொத்தம் 65 நாள். தகவல் தொடர்பு இணைப்புக்கு விண்ணப்பித்துப் பெற 45 நாள், கணினிகளை நிறுவிச் சோதிக்க 10 நாள். மொத்தம் 55 நாள். மேசை, நாற்காலி வேலைக்கு 20 நாள். இம்மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை.

இவற்றுள் மிக நீண்ட வரிசையே முழுப் பணியின் காலத்தை முடிவு செய்கிறது. மேலாண்மை நூல்கள் இதனைக் ‘கிரிட்டிகல் பாத்’ என்கின்றன. இங்கே அது காப்பறை வரிசை. தச்சரை எவ்வளவு விரட்டினாலும் திறப்பு நாள் ஒரு நாள்கூட முன்னே வராது. ‘லாக்கர்களை மட்டும் பழைய கட்டடத்திலேயே சில நாள் வைத்திருந்து, பிற சேவைகளை 60ஆம் நாளில் தொடங்கலாமா?’ என்று கேட்பவரே தேர்வாளரின் மனத்தைக் கவர்கிறார். எதைக் குறைத்தால் எது கிடைக்கும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார்.

கொங்கண் ரயில் பாதையும் இதற்கு நல்ல சான்று. 1990இல் அமைக்கப்பட்ட கழகம், இ. ஸ்ரீதரன் தலைமையில், சுமார் 740 கி.மீ. நீளப் பாதையைப் பல பிரிவுகளாகப் பகுத்து ஒரே காலத்தில் பணிகளை நடத்தியது. ஆயினும் கோவாப் பகுதியில் இளகிய மண்ணைக் குடைந்த சுரங்கங்கள் நீண்ட காலம் எடுத்தன. பாதையின் பிற பகுதிகள் ஆயத்தமான பின்னரும், முழுப் பாதையிலும் 1998 ஜனவரியில்தான் ரயில் போக்குவரத்து தொடங்கியது.

‘ஆட்களை இரட்டிப்பாக்கினால்?’

பத்துப் பேர் 30 நாளில் செய்வதை இருபது பேர் 15 நாளில் செய்வர் என்பது பள்ளிக் கணக்கு. கான்கிரீட் வலுப்பெறும் காலத்தை ஆட்களின் எண்ணிக்கை குறைக்காது. மென்பொருள் பணியிலும் இதுவே நிலை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும் என்று 1975இல் வெளியான தம் நூலில் எழுதினார். புதியவர்களுக்குக் கற்பிக்கப் பழையவர்களின் நேரமே செலவாகிறது. ‘எந்தப் பணியைப் பகிர முடியும், எதைப் பகிர முடியாது என்று முதலில் பிரிப்பேன்’ என்று தொடங்குவது நல்ல விடை.

‘சரியாக எத்தனை நாள் ஆகும்?’

ஒரே எண்ணைச் சொல்லிச் சிக்கிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 1950களின் பிற்பகுதியில் உருவான ‘பெர்ட்’ முறை மூன்று மதிப்பீடுகளைக் கேட்கிறது. மின்கம்பி வேலை எல்லாம் கூடிவந்தால் 10 நாள், இயல்பாக 14 நாள், தடைகள் நேர்ந்தால் 30 நாள் என்போம். இயல்பான நாளை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 10, 56, 30 ஆகியவற்றின் கூட்டல் 96; ஆறால் வகுத்தால் 16 நாள். எண்ணுடன், 30 நாளாக நீட்டக்கூடிய தடை எது என்பதையும் சொல்பவரின் விடை நம்பிக்கை தருகிறது.

‘உங்கள் திட்டம் தவறியதுண்டா?’

‘இல்லை’ என்ற விடையை எவரும் நம்புவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாங்களே ஒரு கிளை மாற்றத்தில் தவறினோம். மரவேலைகளில் காட்டிய அக்கறையைத் தகவல் தொடர்பு இணைப்பில் காட்டவில்லை. விண்ணப்பமே தாமதமாகச் சென்றது. கிளை பளபளவென்று ஆயத்தமாயிற்று, இணைப்பு வரவில்லை. திறப்பு ஒன்பது நாள் தள்ளிப்போனது. அறிவிப்புப் பலகையை நம்பி, மாதத் தொடக்கத்தில் புதிய முகவரிக்கு வந்த முதிய ஓய்வூதியர்களை வெயிலில் பழைய கட்டடத்திற்கே திருப்பி அனுப்ப நேர்ந்தது. அன்று முதல், பிறர் கையில் இருக்கும் பணி எதுவோ அதற்கே முதல் நாளில் விண்ணப்பிக்கிறோம். திறப்பு நாளை இணைப்பு வந்தபின்னரே அறிவிக்கிறோம்.

இவ்வினாவுக்கான விடையின் அமைப்பும் இதுவே: என்ன தவறியது, அதில் தம் பங்கு என்ன, யார் பாதிக்கப்பட்டனர், அதன்பின் செயல்முறையில் எது மாறியது. பிறர் மீது பழி சுமத்தும் விடை அங்கேயே மதிப்பிழக்கிறது.

அனுபவம் இல்லாதவர்களுக்கு

‘நான் இதுவரை வேலையே பார்த்ததில்லையே’ என்று புதிய பட்டதாரிகள் தயங்க வேண்டாம். கல்லூரி இறுதியாண்டு ஆய்வுப் பணி, துறை விழா, வீட்டில் நடந்த திருமணம் ஆகிய எதுவும் சான்றாகும். மண்டபம் கிடைத்தபின்தானே அழைப்பிதழ் அச்சுக்குச் செல்லும்? தேர்வுக்கு முந்தைய வாரம், அத்தகைய ஒரு நிகழ்வை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்: பணிகள், ஒவ்வொன்றிற்கும் நாள்கள், எதன்பின் எது, எங்கே தாமதம் நேர்ந்தது. பின்னர் வீட்டிலுள்ள ஒருவரிடம் அதனை மூன்று நிமிடத்தில் விளக்கிச் சொல்லுங்கள். அவர் இடைமறித்துக் கேட்கும் கேள்விகளையே தேர்வாளரும் பெரும்பாலும் கேட்பார்.

தொழில் தொடங்கக் கடன் கோரி வருவோரிடமும் நாங்கள் இவ்வினாக்களைக் கேட்கிறோம். இயந்திரம் எப்போது வரும், மின் இணைப்புக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள், உற்பத்தி இரு மாதம் தாமதமானால் தவணையை எவ்வாறு செலுத்துவீர்கள் என்பனவே அவை. அந்த ஒற்றைத் தாள் அங்கும் பயன்படும்.