கிளுவை வேலிக்குள் ஒரு புல்

சித்திரை வெயிலில் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிறவர்களின் கண்ணுக்குச் சாலையின் இருபுறமும் காய்ந்த காடுதான் தெரியும். இலை உதிர்த்த கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையோடு வைக்கோல் நிறத்தில் புல் தூர்கள். தரிசு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அந்தத் தூர்கள் கொழுக்கட்டைப்புல். அந்த நிலம் கொறங்காடு. காங்கேயம் மாடு மேய்ந்து வளர்ந்தது இதில்தான்.

கொழுக்கட்டைப்புல் ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டு நிற்கும். தூர் கட்டி, முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ வளரும். கதிர் நரிவால் போல இருக்கும். ஒவ்வொரு விதையையும் சுற்றி மென்மயிர். காற்று அதைத் தூக்கிப்போகும், ஆட்டு ரோமத்திலும் ஒட்டிப்போகும். ஆனால் இந்தப் புல்லின் பலம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. வேர் 2 மீட்டருக்கும் ஆழமாக இறங்கும். தண்டின் அடி சற்றே பருத்து, தனக்கான உணவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் மேலே எல்லாம் கருகினாலும் தூர் சாவதில்லை. ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் பச்சை எட்டிப் பார்க்கும்.

இந்தக் குணத்தை அறிந்துதான் கொங்கு நாட்டு விவசாயிகள் கொறங்காட்டை அமைத்தார்கள். இது பொது மேய்ச்சல் நிலம் அல்ல, பட்டா நிலம். சுற்றிலும் முள் கிளுவைக் குச்சிகளை ஊன்றி உயிர்வேலி. நிழலுக்கு வெள்வேல மரம். கோடையில் புல் குறையும்போது அந்த மரத்தின் நெற்றுகளே தீவனம். அடியில் கொழுக்கட்டைப்புல். மாடும் ஆடும் மேய்ப்பவர் இல்லாமலே வேலிக்குள் மேயும். சாணமும் புழுக்கையும் அதே மண்ணுக்குத் திரும்பும். ஒரு காட்டில் மேய்ச்சல் என்றால் அடுத்த காட்டுக்கு ஓய்வு. அந்த ஓய்வில்தான் புல் கதிர் விட்டு விதை உதிர்க்கிறது. ஓய்வு கொடுக்காத காட்டில் புல் தேய்ந்து, மாடு தொடாத களை ஏறிவிடும். மழைக்குறைவான மண்ணை மனிதர் புரிந்துகொண்டதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். தண்ணீர் தேங்காத செம்மண்ணும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் இதற்கு ஏற்றவை. அறுத்த புது விதை உடனே முளைக்காது. சில மாதங்கள் உறங்கும். அவசரப்பட்டு விதைத்து, முளைக்கவில்லையே என்று கைவிடுவது பலருக்கும் நேர்கிறது. ஆகவே பழைய விதையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ போதும். பஞ்சு போல எடையற்ற விதை என்பதால் ஈர மணலோடு கலந்து, மழைக்கு முன் மேலாகத் தூவி லேசாக மூடினால் போதும், ஆழம் கூடாது. தூரைப் பிரித்து வேரோடு நடவும் செய்யலாம். முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியைக் கலந்து விதைத்தால் தீவனத்தில் புரதம் கூடும். எழுபது, எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு. மேய்ச்சலுக்கென்றால் முதல் பருவம் விதை உதிரும்வரை மாட்டை விடாதீர்கள்.

இதே புல் ஆஸ்திரேலியாவில் வேண்டாத விருந்தாளி. அங்கே பாலைநிலத்தில் பரவி, காய்ந்து தீக்கு இரையாகி, அந்த மண்ணின் செடிகளையும் அழிக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2015இல் இதைக் களை என்றே அறிவித்தது. நம் நாட்டில் இது மண்ணின் புல். மேயும் வாய்களும் கூடவே இருக்கின்றன.

அந்த வாய்கள் குறைந்துவருவதுதான் என் கவலை. டிராக்டர் வந்தபின் உழவுமாட்டுக்கு வேலை போனது. மாடு போனதும் காடு மனைகளாகிறது. பராமரிப்பற்ற காட்டில் சீமைக்கருவேலம் புகுகிறது. கொறங்காடு வைத்திருப்பவர்களே, விற்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், வேலியோரத்துப் புல்லிலிருந்து ஒரு மூட்டை விதையாவது உருவி, காடு வைத்திருக்கும் பக்கத்து விவசாயியிடம் கொடுத்துவிடுங்கள்.