கடனைக் கணக்கில் எழுதுவோம்

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவக்காலத்தில் வீடு சந்திப்புக்காக அரியக்குடியில் ஒரு குடும்பத்துக்குப் போயிருந்தேன். செபம் தொடங்கும் நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அந்த வீட்டுத் தாய் சட்டென்று விளக்கை அணைத்தார். பிள்ளைகளைப் பார்த்து வாயில் விரல் வைத்தார. கதவு மூன்று முறை தட்டப்பட்டது. பங்குச் சாமியாராகிய நானும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி போன பிறகு அவர் அழுதுகொண்டே சொன்னார்: "மன்னிச்சுக்குங்க சாமி. தண்டல்காரர் வந்துட்டுப் போறார். எங்க வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது."

அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதைச் சொல்கிறேன். கணவர் கட்டட வேலை. இவர் பலகாரம் சுடும் வேலை. மாதம் வீட்டுக்கு வருவது ஏறக்குறைய 16,000 ரூபாய். ஃப்ரிட்ஜுக்குத் தவணை 1,600. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு வாங்கிய செல்போனுக்கு 1,180. மகனின் புதுநன்மைக்குத் துணி எடுத்து, விருந்து வைக்க மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரம் 650. இவற்றைக் கட்ட முடியாமல் வாங்கிய தண்டலுக்குத் தினம் 100. கூட்டிப் பார்த்தால் மாதம் 8,380 ரூபாய். வருமானத்தில் பாதிக்கு மேல் சோறு பொங்கும் முன்னே போய்விடுகிறது. இந்தப் பொருள்களில் எதையும் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கிய அவர், மொத்தத்தை ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தார்.

விவிலியத்தில் இப்படி ஒரு தாய் இருக்கிறார். அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் வரும் கைம்பெண். கணவர் இறந்துவிட்டார். கடன்கொடுத்தவர் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறார். அந்தப் பெண் என்ன செய்தார்? இறைவாக்கினர் எலிசாவிடம் போய் வாய்விட்டுச் சொன்னார். எலிசா, ஏன் கடன் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன மீதி இருக்கிறது என்று கேட்டார். பிறகு அண்டை வீடுகளில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். இருந்த கொஞ்சம் எண்ணெய் எல்லாப் பாத்திரங்களிலும் நிறைந்ததும், அதை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீதியில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியில் புதுமையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அதிலுள்ள ஒழுங்கைப் பாருங்கள். முதலில் சொல்லுதல். இரண்டாவது, இருப்பதைக் கணக்கெடுத்தல். மூன்றாவது, அக்கம்பக்கத்தாரின் உதவி. நான்காவது, கடனை அடைத்தல். வாங்கியதைத் திருப்பித் தருவது நீதி. அதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு விலக்கு இல்லை. ஆனால் அவர் தனியாக அடைக்கவில்லை.

கணக்கெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நம் செட்டிநாட்டு மண்ணுக்கு வட்டிக் கணக்கு புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் நடத்திய நகரத்தார் வீடுகளில், பையன்களைச் சிறு வயதிலேயே பெட்டியடியில் உட்கார வைத்துக் கணக்கெழுதப் பழக்கினார்கள். கடன் கொடுப்பவர் எப்போதும் எழுதி வைக்கிறார். வாங்குகிற நாம்தான் எழுதுவதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யாரிடம் வாங்கினேன், எவ்வளவு கையில் வந்தது, எவ்வளவு கட்டினேன், இன்னும் எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுங்கள். எல்லா வட்டியையும் நமக்குத் தெரிந்த ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்? கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது நம் பேச்சில் மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். ஊரில் மூன்றரை வட்டி என்றால் யோசிக்கிற நாம், கார்டைத் தேய்க்கும்போது யோசிப்பதில்லை. கார்டில் 20,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 700. அதற்கு ஜிஎஸ்டி 126. குறைந்தபட்சத் தொகை என்று 1,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 174 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும்.

அந்தத் தாயின் செல்போனைப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி, 12 தவணை என்றார்கள். வட்டி 2,160 ரூபாய் சேர்த்து மாதம் 1,180. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு 12,000-க்கும் கடைசிவரை போடப்படுகிறது. உண்மையில் அது ஆண்டுக்கு 18 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 32 சதவீதம். இரண்டரை வட்டிக்கும் மேல். தண்டலில் 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்தார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த வட்டி பெரும்பாலும் பொருளின் விலையிலோ, கட்டணம் என்ற பெயரிலோ ஒளிந்திருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

எழுதி முடித்த பிறகு என்ன செய்வது? அரிசி, மருந்து, வாடகை, மின்கட்டணம், பள்ளிச் செலவு இவற்றை முதலில் ஒதுக்குங்கள். அடுத்து, எல்லாக் கடனுக்கும் கட்டியே தீரவேண்டிய தொகையைக் கட்டுங்கள். மிஞ்சுவது ஐம்பது ரூபாயானாலும், எதற்கு வட்டி அதிகமோ அதற்கே கூடுதலாகக் கட்டுங்கள். அது தீர்ந்ததும் அந்தப் பணம் முழுவதையும் அடுத்ததற்குத் திருப்புங்கள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்காதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டில் சிறு நகை இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து, தண்டலையும் கார்டையும் மொத்தமாக முடிக்கலாம். அங்கே பெரும்பாலும் ஒரு வட்டிக்குக் குறைவாகவே இருக்கும். ஆனால் அதன்பிறகு மறுபடி கார்டைத் தேய்த்தால் நகையும் போகும், கடனும் நிற்கும்.

தவணை கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீர்கள். நீங்களே நேரில் போய், எழுத்து மூலம் கால அவகாசம் கேளுங்கள்.

கடன்கொடுப்பவருக்கும் எல்லை உண்டு. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று ஆண்டவர் கவலைப்படுகிறார். நாட்டின் சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. வங்கி, நிதி நிறுவன முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உறவினர் முன் அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுதிக் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் வழி கேளுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றில் அநியாய வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. செல்போன் செயலியில் கடன் கொடுத்துவிட்டுப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் 1930-க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் தீயில் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடல்ல. இதைக் கேட்கும் யாருக்காவது அப்படியொரு எண்ணம் வந்தால், இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள், நள்ளிரவானாலும் திறப்பேன்.

இனி அக்கம்பக்கத்தாரின் பாத்திரங்களுக்கு வருவோம். திருச்சபை வட்டியைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவியர், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் கடன் தரும் அடகு நிலையங்களைத் தொடங்கினார்கள். 1462-இல் பெருஜியா நகரில் தொடங்கியது அவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. நம் நாட்டிலேயே, வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த முண்டா பழங்குடி மக்களுக்காக இயேசு சபைத் தந்தை ஹாஃப்மன் 1909-இல் ராஞ்சியில் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். சிறு சேமிப்புகள் சேர்ந்து ஒருவரையொருவர் தாங்கின.

நாம் என்ன செய்யலாம்? முதலில் என் பக்கத்துத் தவற்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தாயின் கடனில் ஒரு பகுதி புதுநன்மைக்காக வாங்கியது. நற்கருணை ஆண்டவரைப் பிள்ளை முதன்முதலாகப் பெறும் நாள், ஒரு குடும்பத்தைத் தண்டல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. புகைப்படத்துக்கு நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வரும் ஆண்டு முதல் பங்கிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளை உடை, திருப்பலிக்குப் பின் கோவில் வளாகத்தில் எல்லோருக்கும் பொதுவான காலை உணவு என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். வசதியுள்ளவர்கள் தனி விருந்தைத் தவிர்த்தால்தான் வசதியில்லாதவர்கள் வெட்கமின்றித் தவிர்க்க முடியும். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, வங்கிப் பணி செய்து ஓய்வு பெற்றவர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் பங்கு இல்லத்தில் இருப்பார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் கணக்கு அந்த அறையை விட்டு வெளியே போகாது.

அந்தத் தாய் மறுவாரம் கணவரிடம் சொல்லிவிட்டார். அவர் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, தானும் உடன் வேலை செய்பவரிடம் 15,000 ரூபாய் வாங்கியிருப்பதாகச் சொன்னாராம். இருவரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சுமையைச் சுமந்திருக்கிறார்கள். தோட்டை வங்கியில் வைத்துத் தண்டலை முடித்தார்கள். தினம் நூறு ரூபாய் மிஞ்சியது. அது மற்றக் கடன்களுக்குப் போகிறது. முழுவதும் அடைய இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆனால் இப்போது அந்த வீட்டில் பைக் சத்தம் கேட்டால் விளக்கு அணைவதில்லை.

இன்று இரவு செபமாலை முடிந்ததும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து அந்த நோட்டில் முதல் பக்கத்தை எழுதுங்கள். கைம்பெண்ணின் குரலைக் கேட்ட ஆண்டவர் உங்கள் குரலையும் கேட்பார். அவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் எல்லா அடிமைத்தனத்திலிருந்தும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.